கை படாத பல்பு

வெளிச்சத்துக்கு மரியாதை செய்யத் தெரிந்த குடும்பம் இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான். அது பூந்தமல்லிக்கு அடுத்த நசரத்பேட்டையில் இருக்கிறது. மற்ற ஊர்களில் பல்பு வாங்குகிறார்கள், மாட்டுகிறார்கள், சுவிட்சைத் தட்டிவிட்டு மறந்துபோகிறார்கள். நன்றி கெட்ட ஜனங்கள். பரந்தாமன் வீட்டில் அப்படியில்லை. அங்கே ஒரு பல்பு உள்ளே வந்தால் வரவேற்பு உண்டு, வழிபாடு உண்டு, செத்துப்போனால் விசாரணைக் கமிஷன் உண்டு. அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்துத் தரை துடைத்த வேம்புலியம்மாள் இதற்கெல்லாம் கண்கண்ட சாட்சி. சாட்சியாகத்தான் இருந்தாள். பிறகு குற்றவாளியாகப் பதவி உயர்வு கொடுத்தார்கள்.

பரந்தாமன், அப்பன் பாட்டன் நெல் போட்ட நிலத்தில் பிளாட் போட்டு விற்றவர். கட்டிய வீட்டின் ஹாலில் ஆள் உயரத்துக்கு ஒரு படம். யாரோ யாருக்கோ சால்வை போர்த்துகிற படம். போர்த்துகிறவர் முகத்தை ஃபிரேம் போட்டவன் வெட்டிவிட்டான். வாங்குகிறவர் பரந்தாமன். படத்துக்கு மேலே சீலிங்கில் ஒரு ஸ்பாட் லைட். எல்.இ.டி. போட்டுப் பார்த்தார்கள். சால்வை ஜரிகைக்குச் சோகை பிடித்த மாதிரி இருந்தது. நகைக்கடையில் எரிகிற பொன்வெளிச்சம்தான் வேண்டும் என்று ஹாலஜன் பல்பு தருவித்தார் பரந்தாமன்.

மாட்ட வந்தவன் எலெக்ட்ரீஷியன் பெனிட்டோ. சுண்டுவிரல் நுனி அளவுக் கண்ணாடிக் குப்பியைக் கைக்குட்டையில் பொத்திக்கொண்டு, வீட்டார் எல்லோரும் கேட்கச் சொன்னான்.

"சார், இத்த மட்டும் வெறுங்கையால தொட்றாதீங்க. கை பட்டுச்சுன்னா அந்த எண்ணெப் பிசுக்கு சூட்டுல வெந்து, பல்பு சீக்கிரம் பூடும்."

"இருப்பா, இருப்பா!" என்று பரந்தாமன் மனைவி சுரேகா ஓடிவந்தாள். கையில் சந்தனக் கிண்ணம். "பொட்டு வெக்காம மாட்டிருவ போலகீதே!"

அந்த வீட்டில் பொட்டு இல்லாமல் எதுவும் வேலை தொடங்கியதில்லை. காருக்கு உண்டு, மிக்ஸிக்கு உண்டு, கேஸ் சிலிண்டர் மாதம் தவறாமல் சுமங்கலியாக உள்ளே வரும். குப்பியில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சுரேகா கண்ணில் ஒற்றி மகன் தினகரனிடம் கொடுத்தாள். அவன் ஒற்றிப் பரந்தாமனிடம் கொடுத்தான். காலையில்தான் தலைக்கு நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்திருந்த பரந்தாமன், இரண்டு கையாலும் உருட்டி உருட்டி ஒற்றினார்.

"இன்னொண்ணு மிச்சம் கீது மா," என்றான் பெனிட்டோ. "பின்னாடி பாத்திரம் தேய்க்கிற எடத்துல இருட்டா கீது, அங்க போட்றவா? அதுக்கும் பொட்டு வெக்கிறீங்களா?"

"அதுக்கு எதுக்கு? பத்துப் பாத்திரம் போட்ற எடம். நீயே மாட்டிட்டுப் போ."

கைக்குட்டையால் பிடித்து மாட்டிவிட்டுப் போனான். குழாயடிக்கு மேலே, ஜன்னல் விளிம்பில் இருந்த வேம்புலியம்மாளின் தனி டம்ளர் மீது பொன்வெளிச்சம் விழுந்தது. டம்ளருக்கு யாரும் சால்வை போர்த்தவில்லை. ஆனாலும் அழகாகத்தான் இருந்தது.

ஹால் பல்பு அந்த வாரத்தைத் தாண்டவில்லை.

உடனே குடும்பக் கூட்டம் கூடியது. தினகரன் ஐ.டி. கம்பெனியில் இருப்பவன். சாம்பார் உப்புக் கரித்தாலும் லேப்டாப்பைத் திறப்பான். "ரூட் காஸ் கண்டுபுடிக்கணும்ப்பா. பெனிட்டோ இன்னா சொன்னான்? கை பட்டா பூடும்னான். ரைட்டா? அப்ப கேள்வி ஒண்ணுதான். யார் கை?"

"நாம தொட்டோமே?" என்றார் பரந்தாமன். சபையில் ஒரு கணம் உண்மை எட்டிப் பார்த்தது. நல்லவேளை, சுரேகா அதை உட்காரவிடவில்லை.

"நாம குளிச்சு, சாமி கும்பிட்டுத் தொட்டோம். அதெல்லாம் ஒரு கையா?"

மூன்று தலைகளும் ஒன்றாகத் திரும்பின. துடைப்பத்தோடு நின்ற வேம்புலியம்மாள் தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். யாரும் இல்லை.

"ஐயா, எனக்கு அது எட்டவே எட்டாதுங்க," என்றாள்.

அது நிஜம். அந்தப் பல்பைத் தொட வேண்டுமானால் அவள் இன்னொரு வேம்புலியம்மாளின் தோளில் ஏற வேண்டும். ஆனாலும் சபையோர் அவசரப்படாமல், மிகுந்த கருணையோடு, ஹாலில் அவள் ஒட்டடை அடிக்கக்கூடாது என்று மட்டும் தீர்மானித்தார்கள்.

அடுத்த பல்பை மாங்காட்டுக்கு எடுத்துப்போய் அம்மன் சந்நிதியில் வைத்து, வழிநெடுக ஆளுக்குக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துத் தடவிக்கொண்டு வந்தார்கள். அது முந்தினதைவிடச் சீக்கிரம் போனது. வேம்புலியம்மாள் ஹாலைப் பெருக்கக்கூடாது என்று தீர்மானம். அதற்கடுத்ததற்கு விளக்கெண்ணெயில் குழைத்த மஞ்சள் பூசினார்கள். அது ஒரு முறை கண் சிமிட்டிவிட்டுக் கருத்துப்போனது. வேம்புலியம்மாள் ஹால் பக்கம் பார்க்கவே கூடாது என்று தீர்மானம்.

"அக்கா, சந்தனத்த நிறுத்தச் சொன்னா இன்னா திட்டு திட்றாங்க தெரிமா?" என்று பின்பக்கம் வந்து முனகினான் பெனிட்டோ. "'தம்பி, இது எங்க ஊட்டு வழக்கம், ஒனக்குத் தெரியாது'ன்றாரு சார். பல்பு கடைக்காரன் மட்டும் என்னைப் பாத்தா எழுந்து நின்னு டீ சொல்றான்."

"ஒனக்கு டீ வருது. எனக்குச் சோறு பூடும்," என்றாள் வேம்புலியம்மாள். வேலை போவதுகூடப் பெரிதில்லை. 'ராசியில்லாத கை' என்று ஒரு வீட்டில் சொல்லிவிட்டால் அந்தத் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். சுரேகாவின் குரலுக்குத் தெருக்கோடி வரை போகிற பலம் உண்டு.

அந்த நேரத்தில்தான் கோயில் திருப்பணிக் குழுவுக்குத் தலைவர் தேடினார்கள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் பரந்தாமன் வீட்டுக்கே வந்து பேசுவதாகச் சொன்னார்கள்.

"அன்னிக்கு மட்டும் படம் இருட்டாச்சுன்னா," என்றார் பரந்தாமன், சமையற்கட்டு வாசலில் நின்று, "நீ வேற ஊடு பாத்துக்க."

கடையில் பல்பு தீர்ந்துபோயிருந்தது. தினகரன் வீடெல்லாம் சுற்றிவிட்டு, பின்கட்டிலிருந்து ஓடிவந்தான். "அப்பா! பின்னாடி மாட்டுனது இன்னும் எரிஞ்சுகினு கீதுப்பா! ஒரு தபாகூட போவல!"

"நல்ல சரக்க இவளுக்குப் போட்டுட்டானே அந்தப் பையன்!" என்றாள் சுரேகா.

பெனிட்டோ கைக்குட்டையோடு வந்து கழற்றினான். ஹாலுக்குள் காலை வைப்பதற்குள் பறித்துக்கொண்டார்கள். இத்தனை நாள் அது இருந்த இடத்தின் தோஷம் போக வேண்டுமல்லவா? பன்னீரில் கழுவி, சந்தனம், குங்குமம், மஞ்சள், நெய் என்று எதுவும் பாக்கி வைக்காமல் எல்லோரும் மாறி மாறி ஒற்றினார்கள். பல்பு, பெண் வீட்டுக்குப் புறப்படும் மாப்பிள்ளை மாதிரி சீலிங்குக்குப் போனது.

வெள்ளிக்கிழமை குழுவினர் வந்து உட்கார்ந்தார்கள். வேம்புலியம்மாளைப் பின்பக்க இருட்டில் உட்கார வைத்திருந்தார்கள். சுவிட்ச் போட்டதும் சால்வை தகதகத்தது. குழுவின் மூத்தவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ஊருக்கு ஒளியா கீற நம்ம பரந்தாமன்..." என்று ஆரம்பித்தார்.

டப்.

கண்ணாடித் தூள் கேசரித் தட்டில் விழுந்தது. ஊருக்கு ஒளி வியர்த்துப்போய் நின்றது.

"வேம்புலி!" என்று கத்தினார் பரந்தாமன். அவள் ஈரக்கையோடு ஹால் நிலைப்படிக்கு வெளியே வந்து நின்றாள், தீர்மானப்படி தரையைப் பார்த்துக்கொண்டே. "இவதாங்க! இவ தலைக்கு மேல தொங்குன பல்பு இது. இவ கைபட்டுத்தான் கெட்டுது!"

மூத்தவர் கேசரியைத் தள்ளி வைத்தார். "அங்க எரிஞ்சுதா?"

"நல்லாதான் எரிஞ்சுதுங்க," என்றார் பரந்தாமன்.

"இவ தொட்டாளா?"

"எனக்கு எட்டாதுங்க," என்றாள் வேம்புலியம்மாள்.

"நீங்க யாராச்சும் தொட்டீங்களா?"

சுரேகாவுக்குக் கோபம் வந்துவிட்டது. குடும்ப மானம் அல்லவா? நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள். "நாங்களா? வேலைக்காரி டம்ளர் வெக்கிற எடங்க அது. எங்க ஊட்ல ஒருத்தர் கைகூட அங்க பட்டதில்ல!"

ஓரமாக நின்றிருந்த பெனிட்டோ இருமினான். மூத்தவர் தலைவர் பதவி பற்றி வேறு நாள் பேசலாம் என்று எழுந்துகொண்டார். விசாரணை முடிந்தது, தீர்ப்பு மாறவில்லை. நாளையிலிருந்து வேம்புலியம்மாள் வரவேண்டாம்.

அவள் பின்பக்கம் போய் ஜன்னல் விளிம்பைத் தடவி டம்ளரை எடுத்தாள்.

"இத்த நான் எட்த்துகினு போறேன் மா. உங்க யாருக்கும் ஆவாது," என்றாள்.

அந்த வீட்டில் அவர்கள் கை படாமல் இருந்தவை மூன்று. பின்கட்டுப் பல்பு, ஜன்னல் விளிம்பு டம்ளர், வேம்புலியம்மாள். தொட்டது பல்பை மட்டும்தான். மற்ற இரண்டும் இன்றுவரை நன்றாக இருக்கின்றன.