ரோஸ் கலர் வானம்

வானம் நீலமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் ஹேமநாதனுக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் அது ரோஸ் கலரில் இருந்தது. மரங்கள் வெள்ளை. தண்ணீர் கறுப்பு. குகைக்குள் புதையல் தேடிப் போகும் குள்ளன் ஒருவன்தான் அந்த விளையாட்டின் கதாநாயகன். அவனும் ஒருவனாக இல்லை. ஒரு டஜன் பேராகப் பெருகி, வரிசையாக நின்று, எல்லோரும் ஒரே நேரத்தில் கால் தூக்கினார்கள்.

"என்னங்க இது, கோயில் திருவிழா கோலாட்டமா?" என்றாள் புஷ்பவள்ளி.

ஹேமநாதன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அந்த முகத்தில் இருக்கும் சிரிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

மலேசியாவின் பாடாங் செராயில், தாமான் குடியிருப்பில் ஒரு வரிசை வீடு. குலிம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு நைட் ஷிப்ட். ஊர் எழுந்து பல் விளக்கும்போது இவர் வீடு திரும்புவார். ஊர் வேலைக்குப் போனதும் தூங்குவார். பகலை ஜன்னல் திரைச்சீலையின் ஓரத்தில் ஒரு வெளிச்சக் கோடாக மட்டுமே அறிந்த மனிதர். நண்பர்கள் ஒவ்வொருவராகப் பகலோடு போய்விட்டார்கள். மிஞ்சியது அந்தக் குள்ளன்தான். இளவட்டமாக இருந்த காலத்தில், சுங்கை பட்டாணி ஊரில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடையில் அவனைக் கடைசிக் குகை வாசல்வரை கொண்டுபோயிருக்கிறார். உள்ளே போனதில்லை. கடையை மூடிவிட்டார்கள்.

அவர் கம்ப்யூட்டர் பழசு. விளையாட்டு அதைவிடக் கிழம், டாஸ் காலத்தது. இப்போதைய கம்ப்யூட்டர் அதை ஏறெடுத்தும் பார்க்காது. அதற்குத்தான் எமுலேட்டர். "நீ இந்தக் காலத்து மிஷின் இல்லை, முப்பது வருசத்துக்கு முந்தின மிஷின்" என்று கம்ப்யூட்டரை நம்ப வைக்கிற மென்பொருள். சுத்தமான ஏமாற்று வேலை. அதை ஹேமநாதன் யாரிடமும் கேட்காமல் தானாகவே கற்றுக்கொண்டார். கம்ப்யூட்டரையே ஏமாற்றத் தெரிந்தவனை வீட்டில் வேறு யார் ஏமாற்ற முடியும் என்பது அவர் நினைப்பு.

"தீபாவளி வருது," என்றாள் புஷ்பவள்ளி. "எனக்கு அரிசி மூட்டை வைக்க அந்த மூலை வேணும்."

தீபாவளி மாதம் வந்தால் அவளுக்குக் கோல வேலை. அரிசிக்கு விதவிதமாகச் சாயம் ஏற்றி, மால்களிலும் ஹோட்டல்களிலும் வாசல் கூடத்தை அடைத்துக் கோலம் போட்டுக் கொடுப்பாள். ஹால் முழுக்கப் பாயும் அதன் மேல் பச்சை, மஞ்சள், ஊதா அரிசியும் காயும். ஹேமநாதன் கட்டிலுக்குப் போவதற்கே வயல் வரப்பில் நடப்பது போல நடக்க வேண்டும்.

"அந்த மூலையில கம்ப்யூட்டர் இருக்கே?"

"அது கம்ப்யூட்டரா? ரோசாக் ஆகிக் கெட்டுப்போன டப்பா. சனிக்கிழமை பெசி புருக் லாரி வருது. அதுக்குள்ள உங்க குள்ளன் ஒழுங்கா ஓடினா அது இருக்கட்டும். ஓடலைன்னா பழைய இரும்போட போகட்டும்."

ஹேமநாதன் எழுந்து நின்றார். பனியனை இழுத்துவிட்டுக்கொண்டார். "சனிக்கிழமை இந்த வீட்டுல நீல வானம் தெரியும்," என்றார்.

"மழை வராம இருந்தா சரி," என்றபடி அவள் அரிசியைக் கிளறப் போனாள்.

அன்று காலையே நோயைக் கண்டுபிடித்துவிட்டார். எமுலேட்டரிடம், எந்தப் பழைய கிராபிக்ஸ் கார்டைப் போல நடிக்க வேண்டும் என்று ஒரு வரியில் சொல்ல வேண்டும். ஆதி காலத்துக் கார்டுக்கு நாலே நிறம்தான் தெரியும். அதைப் போல நடிக்கச் சொன்னால் வானம் வேறு எந்த நிறத்தில் வரும்? செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்தார். அந்த வரியை மாற்றினார். வானம் நீலம். மரம் பச்சை. குள்ளன் ஒருவன். ஹேமநாதன் புன்னகையோடு படுக்கப் போனார்.

மத்தியானம் எழுந்து பார்த்தால், வானம் ரோஸ். போதாததற்குப் படம் மேலிருந்து அமுக்கிவிட்டதுபோல் நசுங்கியிருந்தது. குள்ளன் மேலும் குள்ளனாகி, தட்டிய மாவு போலத் தரையோடு தரையாக நகர்ந்தான்.

"புஷ்பா, கம்ப்யூட்டரைத் தொட்டியா?"

"எனக்கு வேற வேலை இல்லையா?"

"தொட்டியா, இல்லையா?"

"தொடைச்சேன். தூசி. தொடைக்கக்கூடாதா?"

"தொடைச்சா வானம் ரோஸ் ஆகுமா?"

"அழுத்தித் தொடைச்சேன்."

மறுநாள் கார்டையும் சரிசெய்து, உயர அகலக் கணக்கையும் சரிசெய்துவிட்டுத் தூங்கினார். எழுந்தபோது படம் துண்டு துண்டாக வெட்டிச் சாய்த்து அடுக்கியதுபோல் இருந்தது. ஊதாக் கட்டம், மஞ்சள் கட்டம், நடுவில் குள்ளனின் தொப்பி மட்டும் எட்டுத் திசையிலும். அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும்போது புஷ்பவள்ளி காப்பியோடு வந்தாள். திரையைப் பார்த்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள். போனை எடுத்தாள். க்ளிக்.

"எதுக்கு இப்ப போட்டோ?"

"சும்மா. தங்கச்சி வாணி கேட்டா, அத்தான் எப்படி இருக்காருன்னு."

"அதுக்கு என்னையத்தானே எடுக்கணும்?"

"இதப் பாத்தாலே உங்க நெலமை தெரிஞ்சிடும்லா."

அங்கேதான் ஹேமநாதனுக்குப் பொறி தட்டியது. நீல வானம் தெரியும்போது இவள் ஒரு போட்டோகூட எடுத்ததில்லை. கண்றாவியாக இருக்கும்போது மட்டும் க்ளிக். ஏன்?

மறுநாள் காலை வேலை முடிந்து வரும் வழியில் முகம்மது ஹனீபாவின் ரொட்டி சானாய்க் கடையில் இறங்கினார். ஹனீபா கல்லாவில் உட்கார்ந்தபடியே ஊர்க் குடும்பங்கள் அத்தனைக்கும் நீதிபதி. தன் குடும்பத்தில் மட்டும் குற்றவாளி.

"போட்டோ எடுத்தாளா?" ஹனீபாவின் குரல் தாழ்ந்தது. "அஸ்தாகா! தம்பி, முடிஞ்சுது உங்க கதை."

"என்ன பாய் சொல்றீங்க?"

"எங்க வீட்டுல மெஹருன்னிசா என் ஈசி சேரைப் போட்டோ எடுத்தா. நானும் அழகு பாக்குறான்னு நெனச்சேன். மறுவாரம் பேராக்லேருந்து ஒருத்தன் வேன் கொண்டு வந்து ஏத்திட்டுப் போறான். நான் அப்ப அதுல உக்காந்திருக்கேன்!"

"அப்ப ஆன்லைன்ல விக்கிறாளா?"

"வேற? பொம்பளைங்க போட்டோ எடுத்தா ஒண்ணு புள்ளைய எடுப்பாங்க, இல்ல விக்கப் போற சாமான எடுப்பாங்க. உங்க கம்ப்யூட்டர் புள்ளையா?"

ஹேமநாதன் தே தாரேக் டீயைக் குடிக்காமலே கீழே வைத்தார். சனிக்கிழமைவரைகூடக் காத்திருக்க மனமில்லாதவள்! தானே கெடுத்து, தானே படமெடுத்து, 'ரோசாக், மலிவு விலை' என்று போட்டுவிட்டாளா?

அன்று தூங்குவது போல நடித்துக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தார். கண்ணை மூடினார். மூச்சை இழுத்து இழுத்து விட்டார். லேசாகக் குறட்டையும் சேர்த்தார். நடிப்பு அவ்வளவு தத்ரூபமாக அமைந்தது. எழுந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. திரையில் வானம் ஆரஞ்சு.

அடுத்த நாள் கீபோர்டு மேல் முகப் பவுடரைத் தூவிவிட்டுப் படுத்தார். கைரேகை விழட்டும்! எழுந்து பார்த்தால் கீபோர்டு கண்ணாடி மாதிரி மின்னியது. திரையில் குள்ளர்கள் வட்டமாகப் படுத்துக் காலை நடுவில் நீட்டியிருந்தார்கள்.

"பவுடர் கொட்டிக் கெடந்துச்சு. தொடைச்சேன்."

"அழுத்தியா?"

"அழுத்தி."

இனி சாட்சி தேடிப் பயனில்லை, தற்காப்புதான் வழி என்று தெரிந்தது. வெள்ளிக்கிழமை காலை ஹேமநாதன் தன் மூளையை முழுசாகக் கசக்கினார். சரியான செட்டிங்ஸ் ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்தார். மாற்ற முடியாதபடி பூட்டினார். ஒரு ஃபோல்டருக்குள் ஒரு ஃபோல்டர், அதற்குள் இன்னொரு ஃபோல்டர் என்று மண்ணுக்குள் புதைப்பது போல ஒளித்தார். யாரும் திறக்க ஆசைப்படாத மாதிரி அதற்கு ஏதோ ஒரு வறண்ட பெயரும் வைத்தார். இனி விளையாட்டு அந்த நகலை மட்டும்தான் படிக்கும். வெளியே இருக்கும் ஃபைல் வெறும் பொம்மை. யார் வேண்டுமானாலும் அதைத் துடைக்கலாம். அழுத்தியும் துடைக்கலாம்.

தூங்கி எழுந்து வந்தார். நீலம்! பளிச்சென்ற, சுத்தமான நீலம். குள்ளன் ஒற்றை ஆளாகக் குதித்தான். பக்கத்தில் புஷ்பவள்ளி நின்றிருந்தாள். அவள் முகம் வாடியிருந்தது. இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் அந்த முகத்தில் தோல்வி என்ற ஒன்றை அவர் பார்த்ததே இல்லை.

"என்னங்க... சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு," என்றார் ஹேமநாதன். குரலில் தேன் ஒழுகியது. "நீ எவ்வளவு வேணா தொடை."

சனிக்கிழமை லாரி வந்தது. ஹேமநாதன் கம்ப்யூட்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு காவல் நின்றார். புஷ்பவள்ளி ஒரு பழைய மின்விசிறியையும் துருப்பிடித்த சட்டியையும் மட்டும் தூக்கிக் கொடுத்தனுப்பினாள்.

"ஒத்துக்கிறேன். உங்க டப்பா இருக்கட்டும். வாங்க, சுங்கை பட்டாணிக்கு அரிசி தூக்க ஆள் வேணும்."

வென்ற ராஜா தோற்றவர்களிடம் பெருந்தன்மையாக நடந்துகொள்ள வேண்டும். ஹேமநாதன் மூட்டையைத் தோளில் ஏற்றினார்.

மாலின் கூடத்தில் நுழைந்ததும் மூட்டை தோளிலிருந்து தானாகவே இறங்கியது.

தரையில் பிரமாண்டமான கோலம், ஓரம் மட்டும் பாக்கி. ரோஸ் கலர் வானம். வெள்ளை மரங்கள். சாய்ந்து அடுக்கிய ஊதாக் கட்டங்கள். நட்டநடுவில் வட்டமாகப் படுத்த குள்ளர்கள், கால் நீட்டி, தாமரைப் பூப் போல. சுற்றிலும் கூட்டம் செல்ஃபி எடுத்தது. மால் மேனேஜர், "சந்தேக்! சந்தேக்!" என்று கைதட்டினார். மலாயில் அழகு என்று அர்த்தம். ஹேமநாதன் காதில் அது சந்தேகம் என்றே விழ, தன் வாரம் முழுவதையும் யாரோ ஒரே சொல்லில் சொல்லிவிட்டது போலிருந்தது.

"புஷ்பா! இது என் குள்ளன்!"

"மெதுவா பேசுங்க. ஆளுங்க பாக்குறாங்க."

"அப்ப நீதான் கெடுத்தியா?"

"பின்ன? வருசா வருசம் மயிலு, வெளக்கு, தாமரை. எந்த மாலுக்குப் போனாலும் அதே மயிலு. இந்தத் தடவை வேற மாதிரி போடு, இல்லன்னா வேற ஆளப் பாக்குறோம்னுட்டாங்க. அன்னிக்கு உங்க திரையில பாத்தேன். குட்டிக் குட்டிக் கட்டம், கட்டத்துக்கு ஒரு கலர். அரிசி போட அம்சமா இருந்துச்சு."

"சொல்லியிருந்தா நானே குடுத்திருப்பேனே?"

"நீங்களா? வானம் நீலமாத்தான் இருக்கணும்னு ஒத்தக்கால்ல நிப்பீங்க."

"பெசி புருக்குக்குப் போடுறேன்னு மெரட்டினது?"

"நீங்க சரி பண்ணப் பண்ணத்தானே நான் புதுசு புதுசா கெடுக்க முடியும்? மெரட்டாம நீங்க என்னிக்கு ஒரு வேலையச் செஞ்சிருக்கீங்க?"

அதற்குள் மேனேஜர் வந்தார். மேல்மாடிக்கும் ஒரு கோலம் வேண்டும், இதே மாதிரி, ஆனால் இதே இல்லாமல். நாளைக்கே. புஷ்பவள்ளி தலையாட்டிவிட்டுக் கணவரிடம் திரும்பினாள்.

"வீட்டுக்குப் போயி ஒண்ணு கெடுத்து வைங்க. நான் இத முடிச்சிட்டு வரேன்."

"முடியாது. அது இனிமே கெடாது," என்றார் ஹேமநாதன், நெஞ்சை நிமிர்த்தி.

"கெடலைன்னா அது எனக்கு எதுக்கு? புது மூட்டைய அந்த மூலையில வைக்கிறேன். லாரிக்காரன் போன் நம்பர் இருக்கு."

ஹேமநாதன் வீட்டுக்குப் பறந்தார். கார்டை மாற்றினார். நீலம். உயர அகலத்தை மாற்றினார். நீலம். கண்ணில் பட்ட எல்லா வரியையும் கண்டபடி மாற்றினார். நீலம், அசைக்க முடியாத நீலம். ஒற்றைக் குள்ளன் ஒழுங்காகக் குதித்தான். அப்போதுதான் உறைத்தது. இது பொம்மை ஃபைல். உண்மையானது எங்கே? ஃபோல்டருக்குள் ஃபோல்டர்... எந்த ஃபோல்டர்? என்ன பெயர்? தேடினார். வேர்க்க விறுவிறுக்கத் தேடினார். வாரம் முழுக்க வானத்தைச் சரிசெய்துகொண்டே இருந்த மனிதருக்கு, வேண்டும்போது ஒரு வானத்தைக் கெடுக்க வரவில்லை.

புஷ்பவள்ளி வந்து செருப்பைக் கழற்றினாள். "கெட்டுச்சா?"

"இல்ல புஷ்பா. நல்லா ஓடுது." அழாத குறை. "யாருக்கும் தெரியாத எடத்துல ஒரு ஃபைல ஒளிச்சு வச்சேன்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நல்லா ஒளிச்சிருக்கீங்க. நகருங்க."

அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து மௌசைப் பிடித்தாள். ஒரு ஃபோல்டர். அதற்குள் ஒன்று. அதற்குள் இன்னொன்று. பூட்டைத் திறந்தாள், ஒரு வரியை மாற்றினாள். வானம் பச்சையாகி நாலாகப் பிளந்தது. குள்ளர்கள் தலைகீழாகக் கைகோத்துக்கொண்டார்கள். க்ளிக்.

ஹேமநாதன் நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பினார். "உனக்கு எப்படி...?"

"வெள்ளிக்கிழமையே பாத்துட்டேன். தேவையான டிசைன் சேந்துடுச்சு, பாவம் ஒரு நாளாவது ஜெயிச்சிட்டுப் போறாருன்னு விட்டுட்டேன்."

"அப்ப அன்னிக்கு உன் மூஞ்சி வாடியிருந்துச்சே?"

"வாட வச்சேன்," என்றாள் புஷ்பவள்ளி, போனைப் பைக்குள் போட்டுக்கொண்டே. "இல்லன்னா நீங்க ஜெயிச்சதையும் சந்தேகப்பட்டிருப்பீங்க."