கவசம் என் வசம்

இனி ஒரு கவசச் சட்டையைக்கூடக் கையால் தூக்கிக்கொண்டு இந்த வீட்டு வாசலைத் தாண்ட மாட்டேன் என்று போன ஏப்ரலில் நான் சத்தியம் செய்தேன். அப்போது நான் மல்லாந்து படுத்திருந்தேன். என் மேல் முப்பத்தேழு கவசச் சட்டைகள் படுத்திருந்தன.

பின்னறையில் அவற்றை மாட்டியிருந்த இரும்புக் குழாய் திடீரென்று முறிந்துவிட்டது. ஒரு சட்டை நாலு கிலோ. பெருக்கிக்கொள்ளுங்கள். வெடிச்சிதறலிலிருந்து சிப்பாய்களைக் காப்பாற்றுவதற்காகத் தைத்த சட்டைகள் அவை. எத்தனையோ பேரைக் காப்பாற்றியவை என்னைக் கொல்லப் பார்த்தன.

என் வலது கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என் மனைவி நடீன் வந்து அந்தக் கையோடு பேசினாள்.

"எல்வுட், உயிரோட இருக்கியா?"

"இருக்கேன்."

"சத்தியம் பண்ணு. அப்புறம் தூக்கி விடறேன்."

பண்ணினேன். ஆனால் 'கையால்' என்ற சொல்லை நான் வேண்டுமென்றேதான் போட்டேன். நூற்றைம்பது கிலோவுக்கு அடியிலும் என் மூளை வேலை செய்தது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

நாங்கள் இருப்பது கென்டக்கியில். ராணுவ முகாமின் வாசல் எங்கள் வீட்டிலிருந்து நாலு மைல். முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ்களுக்கு எஞ்சின் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் என்னை யாரும் சட்டை செய்வதில்லை. அதனால்தானோ என்னவோ, சட்டை சேர்க்க ஆரம்பித்தேன்.

நீங்கள் சிரிக்கலாம். ஒரு பழைய கவசச் சட்டையை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள், சிரிப்பு நின்றுவிடும். உள்ளே பத்துப் பன்னிரண்டு அடுக்கு நைலான். கழுத்துப்பட்டையில் எவனுடைய வியர்வையோ உப்புப் பூத்திருக்கும். உள்பக்கம் ஒரு துணிச்சீட்டு, அதில் வரிசையாக எண்கள். எந்த வருடம் தைத்தது, என்ன அளவு என்பதெல்லாம் அந்த எண்களில் இருக்கும். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு முதுகுத்தண்டு சிலிர்க்கும். ஒருவன் காலையில் இதை மாட்டிக்கொண்டு போனான். சாயங்காலம் கழற்றுவோமா என்று அவனுக்குத் தெரியாது. அதை நினைத்தால் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும். வெகுநேரம் மூடாது. அது ஒரு வியாதி.

ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கோழித் தீவனம் வாங்கப் போனவன், ராய்ஸ் கடைப்பக்கம் வண்டியைத் திருப்பிவிட்டேன். ராய்ஸ் பழைய ராணுவச் சாமான் விற்கிறவன். மெலிந்த ஆள், பேச்சும் மெலிவு.

"பார்க்கறதுக்குக் காசு இல்லை எல்வுட்" என்றான்.

பார்த்தேன். மேஜைமேல் அது கிடந்தது. முக்கால் அளவு கழுத்துப்பட்டை. இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டும் கயிறு. நான் பதினோரு வருடமாகத் தேடுகிற, வியட்நாம் காலத்துச் சட்டை. துணிச்சீட்டைப் புரட்டினேன். மை மங்கியிருந்தது. ஆனாலும் வருடத்தைச் சொல்லும் இரண்டு எண்கள் தெரிந்தன. அறுபத்தெட்டு!

"ராய்ஸ், இது... இது..."

"வாயை மூடு. ஈ போயிடும்."

விலை சொன்னான். பேரம் பேச வாய் வேண்டும். என் வாய்தான் வேறு வேலையில் இருந்ததே. கொடுத்துவிட்டேன்.

கடை வாசலில் நின்று என் திட்டத்தை ஒருமுறை சரிபார்த்தேன். சத்தியம் என்ன? கையால் தூக்கி வரமாட்டேன். போட்டுக்கொண்டு வந்தால்? யார் கேட்பது? உள்ளே கவசம், மேலே என் கட்டம் போட்ட தடிச்சட்டை. கழுத்துவரை பொத்தான். கண்ணாடியில் பார்த்தேன். குண்டடிக்காகத் தைத்த சட்டை என்னைக் குண்டடித்திருந்தது. பரவாயில்லை. எனக்கு ஏற்கனவே தொப்பை உண்டு; கூடக் கொஞ்சம் என்றால் யாருக்குத் தெரியும்?

கவசம் என் வசம்! வீடுவரை பாடிக்கொண்டே வந்தேன்.

நடீன் முற்றத்து மரத்தடியில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். வண்டியிலிருந்து இறங்கினேன். என்னைப் பார்த்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். நேரே வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

முப்பத்துநாலு வருடக் குடித்தனத்தில் பகல் வெளிச்சத்தில் அவள் என்னைக் கட்டிப்பிடித்தது இரண்டு தடவை. ஒன்று கல்யாணத்தன்று. இன்னொன்று நான் தொண்டையில் மீன்முள் சிக்கித் திணறியபோது. இது மூன்றாவது. முதுகைத் தடவினாள். விலாவைத் தட்டினாள்.

"ரொம்ப இளைச்சுட்ட எல்வுட்" என்றாள்.

"இளைச்சுட்டேனா?"

"பாவம். எலும்பும் தோலுமா இருக்க. உடம்பை அசைக்காம உட்கார்ந்தே இருந்தா இப்படித்தான். உருளைக்கிழங்கைத் தோண்டி எடுத்துடேன், நல்லா பசிக்கும்."

"இந்த வெயில்லயா?"

"வேணும்னா சட்டையைக் கழட்டிட்டுத் தோண்டு."

"வேண்டாம் வேண்டாம். எனக்குக் குளிருது."

"குளிருதா? அப்ப வேலை செஞ்சாதான் சூடு வரும்" என்று மண்வெட்டியைக் கையில் கொடுத்தாள்.

மூன்று வரிசை தோண்டினேன். நாலாவது வரிசையில் கடவுளைக் கண்டேன். அவருக்கும் வியர்த்தது. அப்புறம் கூரையின் தகரக் கால்வாயில் இலை அடைத்திருப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. ஏணியை அவளே கொண்டுவந்து சாத்தினாள். நான் ஏறும்போது ஏணி அழுதது.

"பூனையாட்டம் ஏறறியே! எடையே இல்லை உனக்கு" என்று கீழேயிருந்து பாராட்டினாள்.

இவளுக்குத் தெரியவில்லை, தெரியவே இல்லை என்று எனக்குள் ஒரே கொண்டாட்டம். கொண்டாடத் தெம்புதான் இல்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கூரை உயரத்தில் கண் இருட்டியபோது அந்தப் பாரம் என்னை விழாமல் பிடித்து நிறுத்தியதுபோல் இருந்தது. ஒரு வேலிக்கும் இன்னொரு வேலிக்கும் நடுவே இலை அள்ளுகிற எனக்கே இப்படி என்றால், இதைப் போட்டுக்கொண்டு சேற்றிலும் மழையிலும் ஓடிய பையன்கள்? ஏணியிலேயே என் வாய் திறந்துகொண்டது.

"எல்வுட்! வாயில இலை விழுது."

குளிக்கலாம் என்று இறங்கினால், "நேரமில்லை, சர்ச்சில இன்னிக்கு விருந்து, அப்படியே வா" என்று வண்டியில் ஏற்றிவிட்டாள்.

சர்ச் பின்கட்டில் நூறு பேர். மேஜையெல்லாம் பொரித்த கெளுத்தி மீன், சோளரொட்டி, பீன்ஸ், பழ அடை. மின்விசிறி ஒன்றே ஒன்று, அதுவும் பாதிரியாருக்கு. என் பக்கத்தில் ஹூபர்ட் வந்து உட்கார்ந்தான். பழைய சக ஊழியன். யாரைக் கண்டாலும் வயிற்றில் குத்துவது அவன் வழக்கம். குத்தினான். கையை உதறிக்கொண்டான்.

"என்னய்யா சாப்பிடற? சிமென்டா?"

"வாயுத் தொல்லை" என்றேன்.

"இவ்வளவு கெட்டியான வாயுவை நான் பார்த்ததே இல்லை!"

நடீன் எழுந்து நின்றாள். முகத்தில் அப்படி ஒரு கவலை.

"பாதிரியாரே, எங்க வீட்டுக்காரருக்குக் காலையிலேர்ந்து உடம்பு வீங்கிட்டே போகுது. வெயில்ல குளிருதுங்கறார். எல்லாரும் அவருக்காக ஒரு ஜெபம் பண்ணணும்."

நூறு பேரும் எழுந்தார்கள். பாதிரியார் என் தோளில் கை வைத்தார். கையை எடுத்துத் தோளைப் பார்த்தார். மறுபடி வைத்தார். "ஆண்டவரே, இவரை அழுத்துகிற பாரம் எதுவோ அதை இறக்கியருளும்" என்று வேண்டினார்.

"ஆமென்" என்றேன். அந்தக் கூட்டத்தில் என்னைப்போல் மனப்பூர்வமாகச் சொன்னவர் யாருமில்லை.

திரும்பி வரும்போது பாதி வழியில் நான் உடைந்துவிட்டேன்.

"நடீன், நான் ஒரு சட்டை போட்டிருக்கேன்."

"எல்லாரும்தான் போட்டிருக்கோம்."

"உள்ள."

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"வண்டியை விட்டு இறங்கும்போதே. கூன் போட்டு இறங்கற ஆளு, தளபதி மாதிரி நெஞ்சை நிமிர்த்திட்டு இறங்கின. கட்டிப் பிடிச்சுப் பார்த்தேன். பக்கவாட்டுல கயிறு. முக்கால் கழுத்து. சரி, எத்தனை மணி நேரம் நீ தாங்கறன்னு பார்ப்போம்னு விட்டேன். நல்லாவே தாங்கின."

சமையலறையில் கழற்றினேன். உலகமே லேசாகிவிட்டது. நான் பறந்துவிடுவேனோ என்று மேஜையைப் பிடித்துக்கொண்டேன். நடீன் கண்ணாடி மாட்டிக்கொண்டு துணிச்சீட்டை விளக்கடியில் விரித்தாள்.

"இது என்ன வருஷம்னு நினைச்சு வாங்கின?"

"அறுபத்தெட்டு. போட்டிருக்கே!"

"அது ஆறு இல்லை. ஏழு. மை ஊறியிருக்கு."

"ஆறுதான்!"

"அடுத்த வரியில சரக்கு எண் இருக்கு பாரு. எண்ணு."

எண்ணினேன். பதின்மூன்று இலக்கம்.

"அறுபத்தெட்டுல பதினோரு இலக்கம்தான் எல்வுட். ரெண்டு இலக்கம் சேர்த்ததே எழுபத்துநாலுக்கு அப்புறம். இது எழுபத்தெட்டு. இதைத் தைக்கும்போது சண்டை முடிஞ்சு மூணு வருஷம். எந்தக் காட்டையும் இது பார்க்கலை. ஏதோ கிடங்குல தூங்கியிருக்கு."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். பதினோரு வருடத் தேடல் பதின்மூன்று இலக்கத்தில் போய்விட்டது. ஆனால் எனக்கு அதைவிட வேறொன்றுதான் தாங்கவில்லை.

"உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?"

"உன்னோட முப்பத்தேழையும் வருஷா வருஷம் வெளியே எடுத்து, வெயில் படாம நிழல்ல காத்தாட விடறது யாருன்னு நினைச்ச? தானாவே நடந்து போய் உலர்ந்துட்டு வருதா? மாட்டும்போது ஒவ்வொண்ணா சீட்டைப் படிப்பேன். உன் நோட்டுல தப்பு இருந்தா பென்சில்ல திருத்துவேன்."

என் நோட்டில் பென்சில் திருத்தங்கள் உண்டு. வயதாக ஆக என் கையெழுத்து அழகாகி வருகிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"இரு" என்று உள்ளே போனாள். கம்பளி வைக்கிற மரப்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. மடித்த வெள்ளைத் துணி ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்துப் பிரித்தாள்.

கொரியா சண்டைக் காலத்துச் சட்டை. நான் புத்தகத்தில் மட்டும் பார்த்தது. உள்பக்கம் மையால் ஒரு பெயர், பாதி அழிந்து. இடது விலாப்பக்கம் விரல்நகம் அளவுக்கு ஒரு கிழிசல். ஓரம் கருகியிருந்தது.

"கை குடு."

என் விரலைப் பிடித்து அந்தக் கிழிசலுக்குக் கீழே அழுத்தினாள். அடுக்குகளுக்கு நடுவே பட்டாணி மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. கொஞ்சம் நகர்ந்தது.

"இரும்புத் துண்டு" என்றாள், மெதுவாக. "பாதி தூரம் வந்து அப்படியே நின்னுடுச்சு. மறுபக்கம் தொட்டுப் பாரு. ஒண்ணுமில்லை. வழவழன்னு இருக்கு."

தொட்டேன். வழவழவென்று இருந்தது. எழுபது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு பையனுடைய இருதயம் அந்த வழவழப்புக்கு அந்தப் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. இந்தக் கால் அங்குலத் துணியில் நின்றுபோன இரும்பு இன்னும் அங்கேயே இருக்கிறது. அவன் எழுந்து வீட்டுக்குப் போயிருக்கிறான். கல்யாணம் செய்திருப்பான். ஒருத்தி அவனிடமும் சத்தியம் வாங்கியிருப்பாள்.

என் வாய் திறந்திருந்தது. திரும்பிப் பார்த்தேன். நடீன் வாயும் லேசாகத் திறந்திருந்தது. இத்தனை வருடத்தில் அவளை நான் அவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை.

"இப்படி எத்தனை வெச்சிருக்க?" என்றேன்.

"நாலே நாலு. பொறுக்கி எடுத்தது."

"யார்கிட்ட வாங்கின?"

"ராய்ஸ்தான். வியாழக்கிழமை புதுச் சரக்கு வரும். மூட்டை பிரிக்கறதுக்குள்ள போயிடுவேன்."

"அப்ப என்கிட்ட எதுக்குடி சத்தியம் வாங்கின? இடமில்லைன்னுதானே?"

"இடத்துக்கென்ன, இருக்கு. எதைப் பார்த்தாலும் நீ வாயைப் பொளந்துட்டு நிக்கற. அதைப் பார்த்து ராய்ஸ் விலையை ஏத்திடறான். உன்னால எனக்குச் சந்தையே கெட்டுப் போச்சு."

நான் எழுபத்தெட்டைப் பார்த்தேன். ஒரு சந்தேகம் தலைதூக்கியது.

"நடீன், இதை நீ முன்னாடியே பார்த்தியா?"

"போன வியாழக்கிழமையே பார்த்தேன். வேண்டாம்னுட்டேன். ரெண்டு மாசமா விலைபோகாம கிடக்குன்னு ராய்ஸ் புலம்பினான். சனிக்கிழமை ஒருத்தர் தீவனம் வாங்க வருவார், மேஜை மேல போட்டு வை, அதுக்குப் பதிலா இந்தக் கொரியாவை எனக்குப் பாதி விலைக்குக் குடுன்னேன். நல்ல மனுஷன், கொடுத்தான்."

இப்போது வியாழக்கிழமைதோறும் நானும் ராய்ஸ் கடைக்குப் போகிறேன். வண்டியை விட்டு இறங்க அனுமதியில்லை.