மூன்று தோட்டாவும் ஓர் அகப்பையும்

எங்கள் வீட்டுக்காரர் மான் சுடப் போவதாக வாய்விட்டுச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதுவும் யார் முன்னால்? சம்பந்தி முன்னால்.

எங்கள் மகள் ஸரீனாவைத் தன் மகனுக்குப் பேசுவதற்காகக் கலேவெலயிலிருந்து மீராசாஹிப் வந்திருந்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. வருகிற வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பத்துப் பேரோடு வந்து நிச்சயம் பண்ணிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, வாசலில் குனிந்து சப்பாத்து போட்டுக்கொண்டிருந்தார். அப்படியே அனுப்பியிருக்கலாம். இவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"மச்சான், வெள்ளிக்கிழமை சஹன் தட்டுல ஆட்டிறைச்சி இல்ல. மான் இறைச்சி. இந்தக் கையால சுட்ட மான்!"

இந்தக் கை! மாத்தளைக் கடைத்தெருவில் மிளகு நிறுக்கிற கை. நுளம்பை அடித்தால் நுளம்பு பறந்துவிடும், கன்னம் மட்டும் சிவக்கும். அந்தக் கை.

திரைக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் சும்மாவே பயப்படுகிறவள். பஸ் வளைவில் திரும்பினாலே கலிமா சொல்லிவிடுவேன்.

துப்பாக்கி எங்களிடம் இருந்ததுதான். சீமைக்குக் கப்பலேறப்போகிற ஒரு தோட்டத் துரை வீட்டுச் சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, தையல் மெஷின் ஒன்று வாங்கி வரச் சொல்லி இவரை அனுப்பினேன். ரைபிளோடு வந்து நின்றார். லைசென்ஸ் எடுத்தார், எண்ணெய் போட்டுத் துடைத்தார், அலுமாரிக்கு மேலே வைத்தார். அத்தோடு சரி. இந்த வீட்டில் இதுவரை சுட்டதெல்லாம் நான்தான். அப்பமும் ரொட்டியும்.

சம்பந்தி தெரு முனை திரும்புகிறவரைக்கும் பொறுத்துக்கொண்டிருந்தேன்.

"இங்க பாருங்க, பேசாம ஒரு ஆடு சொல்லிடுங்க. பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாவோட கிடாய் நல்ல கொழுத்த கிடாய்."

"ஆடா? வாக்குக் குடுத்தாச்சு நாச்சியா. நிச்சயத்துக்கு இந்த வாசல்ல ஆடு கட்டினா நான் புஹாரி இல்ல."

"மான் கிடைக்கலேன்னா?"

"கிடைக்கும்."

"கிடைக்கலேன்னா நெய்ச்சோத்துக்கு மேல எதை வைக்கிறது? உங்க துப்பாக்கியையா?"

"மான் பெர்மிட்டும் எடுக்கப் போறேன். தம்பி ரவூப் ஜீப்பைக் கொண்டாறான். வியாழக்கிழமை பின்னேரம் வில்கமுவக்குப் போறோம். விடியக்காலைல மானோட வர்றோம்."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. வில்கமுவக் காட்டில் யானை. யானை விட்டுவைத்தால் அட்டை. அட்டையும் விட்டுவைத்தால் ரவூபின் ஜீப். இதையெல்லாம் தாண்டி இவர் வெறுங்கையோடு வந்து நின்றால், சம்பந்தி வீட்டார் பத்துப் பேரும் வெறும் சோற்றைச் சுற்றி உட்கார வேண்டும். ஸரீனா பேரன் பேத்தி எடுத்த பிறகும் கலேவெலயில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை ரவூப் வந்தான். இவருடைய சாச்சா மகன், தம்பி முறை. கண்டியில் தோட்டா விற்கிற கடைக்குப் போய் மாதிரிக்கு மூன்று விதம் கொண்டுவந்திருந்தான். எங்கள் வெற்றிலைத் தட்டில் அவற்றை வரிசையாக நிறுத்தினான்.

"அல்லாஹ்வே! அடுப்படிப் பக்கம் வைக்காத ரவூப், வெடிச்சிடும்!"

"சும்மா வெடிக்காது மதினி."

"சும்மா வெடிக்காதுன்னா, யோசிச்சு வெடிக்குமா?"

இவர் ஒவ்வொன்றாக எடுத்து, மிளகின் தரம் பார்ப்பது போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துப்பாக்கியைப் பற்றி இவருக்குத் தெரிந்ததெல்லாம் காலையில் ரவூப் சொன்னதுதான். ஆனால் எனக்குச் சொல்லும்போது பிறந்ததே காட்டில் என்கிற மாதிரி சொன்னார்.

"இது கூர் மூக்கு. முழுக்கச் செம்பு உறை. இந்தப் பக்கம் புகுந்தா அந்தப் பக்கம் வந்திரும்."

"தோட்டா வந்திரும். மான்?"

"கொஞ்சம் ஓடும்."

"எவ்வளவு?"

"அது மானோட இஷ்டம் மதினி" என்றான் ரவூப்.

"இது மழுங்கின மூக்கு. நுனியில ஈயம். உள்ள போனதும் பூ மாதிரி விரிஞ்சிரும். மான் நின்ன இடத்துலயே சரி."

"அது என்ன, மூணாவது? மூக்குல ஓட்டை விழுந்திருக்கே. பழுதானதைத் தலையில கட்டிட்டானா? மாத்திக் கேக்கலையா நீ?"

"ஓட்டையோடதான் செய்றாங்க மதினி. மத்ததைவிட வேகமா விரியும்."

"நமக்கு மழுங்கின மூக்குதான்" என்று இவர் தொடையில் தட்டினார். "ஒரே வெடி. மான் விழுந்த இடத்துலயே முடிஞ்சிரும்."

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"முடிஞ்சிருச்சுன்னா, எப்ப அறுப்பீங்க?"

இவர் கையிலிருந்த தோட்டாவைத் தட்டில் வைத்தார்.

உயிர் இருக்கும்போதே பிஸ்மில்லாஹ் சொல்லிக் கழுத்தை அறுக்காத இறைச்சி எங்கள் வீட்டுச் சட்டியில் ஏறாது. போன வருஷம் யாரோ கொண்டுவந்த மானை, அறுக்கும்போது உயிர் இருந்ததா இல்லையா என்று சரியாகச் சொல்லத் தெரியாததால், பள்ளிவாசல் லெப்பை அப்படியே திருப்பி அனுப்பினார். அதுதான் சரி என்று அந்தத் தெருவில் முதலாவதாகத் தலையை ஆட்டியவர் இவர்தான்.

"அப்ப... கூர் மூக்கு" என்றார் மெதுவாக.

"ஓடிடும். நீங்க பின்னாலயே ஓடுவீங்க. அந்த முழங்காலை வச்சுக்கிட்டு. முன்னால யானை நிக்கும்."

"விழவும் வேணும், சாகவும் கூடாது."

"ஆமா."

"நான் போய்ச் சேர்ற வரைக்கும் மூச்சு இருக்கணும்."

"அப்ப நீங்க எவ்வளவு வேகமா ஓடுவீங்கன்னு தெரியாம, எந்தத் தோட்டான்னு எப்படித் தெரியும்?"

இவர் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். மூன்று தோட்டாவும் உருண்டன. நான் அலறினேன்.

"ரவூப், கேட்டியா! அஞ்சாம் வகுப்போட நின்னவ கேக்கிற கேள்வியைக் கேட்டியா! மொதல்ல ஓடிப் பார்க்கணும். அப்புறம்தான் தோட்டா!"

"எதைப் பார்த்து ஓடப் போறீங்க? பலா மரத்தையா? பலா மரத்துக்குக் கழுத்து ஏது?"

"அதானே. கழுத்து உள்ளதா ஒண்ணு வேணும்."

"நாலு காலும் வேணும்" என்றேன்.

"மான் உயரத்துக்கு வேணும்."

அந்த நேரம் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கம் கிடாய் கத்தியது. நான் அதைக் கத்தச் சொல்லவில்லை.

"கிருஷ்ணம்மாவோட கிடாய்!" என்று எழுந்தே விட்டார் இவர்.

கிருஷ்ணம்மா வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். "இரவல் எல்லாம் குடுக்க மாட்டேன் முதலாளி. ஆடு இளைச்சிடும். வேணும்னா வாங்கிக்கங்க."

"ஓடப் போறது நான் கிருஷ்ணம்மா. ஆடு சும்மாதான் நிக்கும்."

"நீங்க ஓடுறதைப் பார்த்தே இளைச்சிடுமுங்க."

வாங்கிவிட்டார். கிருஷ்ணம்மா என்னைப் பார்த்தாள். நான் வேலியில் படர்ந்திருந்த பாகல் கொடியைப் பார்த்தேன்.

"வாசல்ல ஆடு கட்டினா நீங்க புஹாரி இல்லன்னீங்களே?"

"இது ஆடு இல்ல நாச்சியா. பயிற்சி மான்."

புதன்கிழமை காலையில் பயிற்சி மானைத் தோட்டத்துக் கடைசியில் கோப்பி மரத்தில் கட்டினோம். இவர் அடுப்படிப் படியில் நின்றார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, துப்பாக்கியைக் கேட்டார்.

"அதோட ஓடி விழுந்தா?"

"அப்ப கத்தியைக் கொண்டா."

"அதோட ஓடி விழுந்தா?"

கடைசியில் அகப்பையைக் கொடுத்தேன். சிரட்டை அகப்பை. விழுந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

வாயாலேயே "டும்!" என்றார். ஓடினார். மிளகுக் கொடிகளுக்கு நடுவே இவருடைய வயிறு முன்னால் போனது, இவர் பின்னால் போனார். ஆடு பலா இலையை மென்றுகொண்டே இவர் வருவதைப் பார்த்தது. போய்ச் சேர்ந்து அகப்பையை ஓங்கினார்.

"பி... பிஸ்... பி..."

"மான் மவுத்து!" என்றேன் படியிலிருந்து.

"இல்ல! இது... கூர் மூக்கு! உசிரு... இருக்கு!"

"கூர் மூக்குன்னா மான் அங்க எங்க நிக்கும்? இந்நேரம் வேலி தாண்டிக் கிருஷ்ணம்மா வீட்டுக்குப் போயிருக்கும்."

"இங்க வரலீங்க முதலாளி!" என்றாள் கிருஷ்ணம்மா அங்கிருந்து.

அடுத்தது மழுங்கின மூக்கு. பாதி வழி போகும் முன்பே மான் மவுத்து. ஓட்டை மூக்குக்கு இவர் முதல் அடி வைக்கும் முன்பே மவுத்து. இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று ஓடி, கடைசியில் ஒரு மிளகுக் கொடியில் கால் சிக்கி ஆட்டின் முன்னாலேயே விழுந்தார். ஆடு குனிந்து அகப்பையை நக்கிப் பார்த்தது. பழைய கறி வாசம் இருந்திருக்கும்.

"மானோட மூச்சை விடுங்க" என்று கையைக் கொடுத்துத் தூக்கினேன். "உங்க மூச்சுக்கு ஏத்த தோட்டா கண்டியில இல்ல."

"இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கும்" என்றார். கண்ணில் மண்.

வியாழக்கிழமை காலையில் முழங்கால் பலாப்பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. எண்ணெய் தேய்த்துவிட்டேன். எதிரே வெற்றிலைத் தட்டில் மூன்று தோட்டாவும் நின்றன. பின்னேரம் ரவூப் வந்து எது என்று கேட்பான். இவருக்குச் சொல்லத் தெரியாது. மனிதர் முகம் வாடிப்போயிருந்ததைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் சஹனில் வெறும் சோறுதான்.

"ஓட்டத்தை விடுங்க. அறுக்கவாவது வருமா உங்களுக்கு?"

"என்ன கேள்வி இது?"

"ஹஜ்ஜுப் பெருநாளுக்கு லெப்பை அறுக்கும்போது நீங்க கூரையைப் பார்த்துக்கிட்டு நின்னீங்க."

"நானா? கூரை ஒழுகுதான்னு பார்த்தேன்."

"மழை இல்லாத நாள்லயா? எனக்கென்ன. நடுக்காட்டுல கை நடுங்கினா ரவூப் மாத்தளை பூரா சொல்லிக்கிட்டுத் திரிவான்."

"கத்தியைக் கொண்டாடி!"

"தீட்டி வச்சிருக்கேன். ஆடு கண்ணுல படாம சாக்குக்குள்ள இருக்கு."

கத்தியை எப்போது தீட்டினாய், ஏன் தீட்டினாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நொண்டிக்கொண்டே தோட்டத்துக்குப் போனார். ஆட்டை, தொழும் திசையான கிப்லாப் பக்கம் திருப்பிப் படுக்கவைத்தார். உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகவே அறுத்தார். பிஸ்மில்லாஹ் வேலி தாண்டிக் கேட்டது. கை நடுங்கவில்லை. ஓடாதபோது அவரிடம் மூச்சு நிறைய இருந்தது.

"பார்த்தியா? பார்த்தியா நாச்சியா?"

"பார்த்தேன். அல்ஹம்துலில்லாஹ். அப்படியே உரிச்சும் தந்திருங்க. நாளைக்குப் பத்துப் பேர் வர்றாங்க."

ஆட்டைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பெரிய முகத்தில் விஷயம் மெதுவாக, ரவூபின் ஜீப் ஏற்றத்தில் ஏறுவது போல ஏறியது.

"நாச்சியா... இது பயிற்சி மான்தானே?"

"ஆமா. பயிற்சி முடிஞ்சுது."

பின்னேரம் ரவூப் வந்தபோது ஆடு மூங்கிலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப வில்கமுவ?" என்றான்.

"உன் ஜீப்புக்கு பிரேக் இருக்கா?"

"அரைவாசி இருக்கு மதினி."

"அப்ப உள்ள வந்து இஞ்சி உரி."

அவனுக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் எனக்குப் புதுக் கவலை. ஆண்கள் உட்காரும் அறைக்கும் உள்வீட்டுக்கும் நடுவே திரை கட்டுகிற மூங்கிலில்தான் ஆட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். ரத்தமும் கொழுப்புமாகக் கிடந்தது. வாசல் அகலத்துக்கு வேறு கம்பு இல்லை. வீட்டையெல்லாம் தேடிவிட்டு அலுமாரிக்கு மேலே பார்த்தேன். உள்ளே தோட்டா ஒன்றும் இல்லையே என்று ரவூபைத் திறந்து பார்க்கச் சொன்னேன். மறுபடியும் பார்க்கச் சொன்னேன். அவன் சலித்துப்போய்ச் சத்தியம் பண்ணினான். அளவெடுத்துச் செய்தது போல இருந்தது.

ஜும்ஆ முடிந்து வந்தார்கள். சஹன்களைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நெய்ச்சோற்றின் மேல் இறைச்சி மலை போல இருந்தது. ஸரீனா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். நான் திரையின் இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீராசாஹிப் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார். மென்றார். காட்டை வெட்டிப் பயிரிடும் சேனையில் காவலிருந்தே பாதி வாழ்க்கையைக் கழித்த மனிதர். மான் எது, ஆடு எது என்று அவருக்குத் தெரியாதா? மீசை துடித்தது.

"மச்சான், பஞ்சு மாதிரி இருக்கே! எந்தத் தோட்டா போட்டீங்க?"

எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நெஞ்சு விரிந்தது. "அது வந்து மச்சான், தோட்டாவுல மூணு விதம். கூர் மூக்கு..."

திரைக்குப் பின்னால் நான் இருமினேன். வேண்டுமென்றுதான்.

நெஞ்சு இறங்கியது.

"கயிறு, மச்சான்."

சிரிப்பில் சஹனே ஆடியது. "அதுதான் நல்ல தோட்டா, குறியே தப்பாது!" என்று மீராசாஹிப் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருந்ததிலேயே நல்ல ஈரல் துண்டை எடுத்து இவர் பக்கம் தள்ளினார். முதலில் முறைத்த இவரும் சிரித்துவிட்டார். எனக்கு அந்த வாரத்தில் முதல் தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது. பெண்ணுக்குச் சிரிக்கிற மாமனார் கிடைத்துவிட்டார்.

"சரி மச்சான், மான்தான் இல்ல. துரையோட அந்தத் துப்பாக்கியையாவது கண்ணுல காட்டுங்க."

இவர் ஈரலை மென்றுகொண்டே, நெய் வழிகிற விரலால் என் பக்கம் காட்டினார்.

"கொஞ்சம் தலையை நிமித்துங்க. திரையைப் புடிச்சுக்கிட்டு நிக்குது."