குசினியில் தொடங்கி மாட்டில் முடிந்த பற்றீரியா

கேட்டது இரண்டு பக்கம், வந்தது அறுபத்தெட்டு. இந்தக் கணக்கைப் பார்த்ததுமே ஆளை நீங்கள் இனங்கண்டிருப்பீர்கள். உவமைக்காரர் என்னும் இனம் அது. எந்தக் கடினமான விடயத்தையும் பிள்ளைகளுக்கு எளிமையாக்கித் தருகிறேன் என்று புறப்பட்டு, எளிமையாக்கி, மேலும் எளிமையாக்கி, கடைசியில் விடயம் எங்கே போனது என்று எல்லோரையும் தேடவைப்பவர்கள். ஒருவரையாவது சந்தித்திருப்பீர்கள். தப்பியிருக்க முடியாது.

காரைநகர் வாகீசன் இந்த இனத்தின் அசல் மாதிரி. இளையோருக்குத் தொகுப்பு உயிரியல் கற்பிக்கக் கையேடு ஆக்குவது அவர் வேலை. உயிருள்ள கலத்துக்குள், அதாவது செல்லுக்குள், நாம் எழுதிய கட்டளையை வைத்து, அதனிடம் புதிய வேலை வாங்கும் இயல் அது. பார்த்தீர்களா, ஒரு வரியில் முடிந்துவிட்டது. வாகீசனுக்கு அது போதாது. கையேட்டின் முதற் பக்கத்தில் கலம் ஒரு குசினி. அந்தக் கட்டளையான பரம்பரை அலகு சமையற்குறிப்பு. அது பிள்ளைக்குப் பிடிபடுமுன் கலம் படகாகிவிடும். பரம்பரை அலகு ஓட்டி. நான்காம் பக்கத்தில் அது காரைநகர் பஸ், கொண்டக்டரும் ஏறிக்கொள்வார். இறங்கிப்போவது யார்? பற்றீரியாதான்.

நெடுந்தீவில் நிலாந்தி ரீச்சர் கேட்டது சிறிய உதவி. அவருடைய தரம் பத்துப் பிள்ளைகள் புதன்கிழமை யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானக் கண்காட்சிக்குப் போகிறார்கள். கிணற்றில் விட்டால், நீரில் உப்பு ஏறியதும் சிவப்பாக மாறும் பற்றீரியா ஒன்றைக் கடதாசியில் வடிவமைத்திருந்தார்கள். சென்ற ஆண்டு நடுவர்கள் கேள்வி கேட்டதும் வாயடைத்து நின்று, அடுத்த மேசைக்காரரின் சிரிப்பை வாங்கிக்கொண்டு திரும்பிய அதே பிள்ளைகள். இந்த முறை சொந்த வாயால் விளங்கப்படுத்த வேண்டும். அதற்குத்தான் இரண்டு பக்கம்.

அறுபத்தெட்டுப் பக்கக் கையேட்டுக் கட்டோடு வாகீசன் படகிலிருந்து இறங்கினார். பள்ளிக்கூடம் வரும் வழியெல்லாம் மாடுகளைக் கண்டார். ஆகவே குசினியையும் பஸ்ஸையும் கைவிட்டு, ஊருக்கேற்ற புது உவமையைப் பெருமிதத்தோடு அவிழ்த்தார்.

“பிள்ளையள், மாட்டுக்குக் குறி சுடுறனீங்கள்தானே? பற்றீரியாவுக்குள்ளை புதுப் பரம்பரை அலகு வைக்கிறதும் அப்பிடித்தான்!”

முன்வரிசையில் கம்சாயினி கையை உயர்த்தினாள். “அப்ப கண்டுக்குட்டியும் குறியோடை பிறக்குமோ சேர்?”

வகுப்பு குலுங்கியது.

“அப்பிடிப் பிறந்தால் மாட்டுக் கள்ளருக்குப் பிழைப்பில்லை,” என்றான் மிரோஜன். “நாங்கள் கண்டைக் கலைச்சுப் பிடிச்செல்லோ சுடுறனாங்கள்!”

உவமைக்காரர் தோல்வியை ஒப்புக்கொள்வாரா? ஓட்டை விழுந்த உவமையை இன்னோர் உவமையால் அடைப்பதல்லவா அவர் தர்மம்? “சரி, குறியை விடுவம். கொம்பெண்டு வைப்பம்” என்றார். கொம்பில்லாத மாட்டைப் பற்றி ஒருத்தி கேட்டாள். கொம்பு போய் வால் வந்தது; வால் போய்க் கொட்டில் வந்தது. பின்னேரப் படகுக்கு நேரம் நெருங்கியபோது, பிள்ளைகளுக்கு மாட்டைப் பற்றித் தெரிந்திருந்ததும் குழம்பிப்போயிருந்தது.

“குறை நினையாதேங்கோ சேர்,” என்றார் நிலாந்தி. “ஒருக்கால் மாடு இல்லாமல் சொல்லிப் பாருங்கோவன்.”

மாடு இல்லாமலா? நீந்தத் தெரியாதவனை நடுக்கடலில்... பாருங்கள், எனக்கும் தொற்றிவிட்டது. வாகீசன் கையேட்டை மூடிவைத்தார்.

“பற்றீரியா ரெண்டாய்ப் பிரியும். பிரியேக்கை, நாங்கள் வைச்ச பரம்பரை அலகும் பிரதியாகி ரெண்டுக்கும் போகும்.”

“இவ்வளவுதானே?” என்றாள் கம்சாயினி. “இதை முதலே சொல்லியிருக்கலாமே சேர்!”

மிரோஜன் மட்டும் சிரிக்கவில்லை. “அப்ப கிணத்துக்கை விட்டால் பெருகிக்கொண்டே போகும். திருப்பிப் பிடிக்க ஏலுமோ?”

நடுவர்கள் கேட்கவேண்டிய கேள்வி அது, வகுப்பே கேட்டுவிட்டது. கம்சாயினி படத்திலிருந்த கிணற்றை அழித்தாள். இறுக மூடிய போத்தல் ஒன்றை வரைந்து பற்றீரியாவை அதற்குள் விட்டாள். “தண்ணியை அள்ளி இதுக்கை விடுவம். பற்றீரியா வெளியிலை போகாது.”

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் உங்கள் வீட்டில், மின்னல் எப்படி வருகிறது என்று பிள்ளை கேட்டதும், “இப்ப வானத்தை ஒரு கலியாண வீடெண்டு வைச்சுக்கொள்ளும்” என்று தொடங்கியவர் யார்? பிள்ளை நித்திரையான பிறகும் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தவர் யார்?

புதன்கிழமை காலைப் படகில் நெடுந்தீவுப் பிள்ளைகள் யாழ்ப்பாணம் போகிறார்கள். நடுவர்களுக்கு விளக்கம் சொல்லப்போவது கம்சாயினி. வாகீசன் படத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார்.