கீக் அண்ணை தோண்டிய குழி

இருபது வருடம் ஜெர்மனியில் வாழ்ந்தும் வானத்தை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்காத ஒரே மனிதர் எங்கள் கீக் அண்ணைதான். மழை வருமா என்று கேட்டால்கூட மண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். பார்த்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் இல்லை. டோர்ட்மண்டுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் சின்ன ஊரில் வருடத்தில் எட்டு மாதம் வானமும் தார் ரோட்டும் ஒரே நிறம்.

‘கீக்’ என்பது அவருடைய மெஷின் போடும் சத்தம். நிலத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு நடந்தால், உள்ளே உலோகம் இருக்கும் இடத்தில் அது கத்தும். அண்ணை மன்னாரிலிருந்து அகதியாக வந்தவர். தனி ஆள். ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். ஞாயிறு பூசை முடிந்ததும் மெஷினும் மண்வெட்டியுமாகப் பழைய காசு தேடி வெளிக்கிட்டுவிடுவார். நான் அவர் வீட்டுக்குக் கீழ் வீட்டில் இருந்தேன். முதியோர் இல்லம் ஒன்றில் உடுப்புத் தோய்க்கிற வேலை எனக்கு. நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க வராத எனக்கு அந்தத் தோய்க்கிற மெஷின்களோடு இருப்பது வசதி. அதனாலோ என்னவோ, அண்ணை தன் கண்டுபிடிப்புகளை முதலில் என்னிடம்தான் காட்டுவார்.

“பிள்ளை, இதைப் பார். ரோமச் சக்கரவர்த்தியின்ரை காசு. ரெண்டாயிரம் வருஷம்!”

நான் தண்ணீரில் கழுவிப் பார்த்தேன். “அண்ணை, இது கடையிலை தள்ளுவண்டில் எடுக்கக் காசுக்குப் பதிலாப் போடுற வில்லை. பிளாஸ்டிக்கிலை இல்லாமல் தகரத்திலை செய்திருக்கினம்.”

“ஓம், தகரம் அந்தக் காலத்திலையும் இருந்ததுதானே” என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தோல்வியை ஒப்புக்கொள்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

ஒரு கலியாண வீட்டுக்கு அந்த மெஷினைக் கொண்டுவந்தது அவர் செய்த பெரிய பிழை. எந்த உலோகம் என்று இலக்கத்தில் காட்டும் என்று பெருமையாகச் சொல்லி, பெண்கள் பக்கம் ஒரு சுற்று வந்தார். மாப்பிள்ளையின் பெரியம்மா கழுத்துக்கு முன்னால் நின்று, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, “அக்கா, இது பித்தளை எண்டெல்லோ காட்டுது?” என்றார். பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. அவருடைய மூன்று மகன்மார் பேசினார்கள். அதற்குப் பிறகு கீக் அண்ணைக்கு யாரும் கலியாணக் காட் கொடுத்ததில்லை.

இவ்வளவு பகிடிக்கும் நடுவில் அவருக்கு ஒரே ஒரு கவலை இருந்தது. மன்னாரில் அவருடைய தங்கச்சி, சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்தார். அண்ணையிடம் இருந்த அகதிப் பயணப் புத்தகத்தில் உலகம் முழுக்கப் போகலாம், இலங்கைக்கு மட்டும் போக ஏலாது. அதனால் ஜெர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார். கடைசியில் பத்திரம் கொடுக்கும் நாள் குறித்துக் கடிதம் வந்தது. இன்னும் மூன்று கிழமை. தங்கச்சிக்குத் தொலைபேசியில், “நான் வரும்வரைக்கும் இரு, என்ன?” என்று சொன்னது எனக்குக் கீழே கேட்டது.

“அண்ணை, மூண்டு கிழமைக்கு அந்த மெஷினைத் தொடாதையுங்கோ” என்றேன். இங்கே தோண்டுவதற்கு அனுமதி எடுக்க வேண்டும். அவரிடம் அது இருக்கவில்லை; பிடிபட்டால் குடியுரிமையும் நின்றுவிடும். தலையாட்டினார். அடுத்த ஞாயிறே போய்விட்டார்.

நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கும்போது முழங்கால் வரை சேற்றோடு வாசலில் நின்றார்.

“பிள்ளை, ஒரு சாமான் கிடக்கு.”

“ரோமக் காசோ?”

“இல்லை. பெருசு. வால் இருக்கு.”

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்துக் குண்டு. எங்கள் ஆட்களுக்கு அதை யாரும் படம் போட்டு விளக்கத் தேவையில்லை.

“பேசாமல் மண்ணைப் போட்டு மூடிவிடுங்கோ அண்ணை” என்றேன். “இவ்வளவு காலம் வெடிக்காதது இன்னும் ரெண்டு கிழமை பொறுக்காதோ? பத்திரத்தைக் கையிலை வாங்கினாப்பிறகு சொல்லுங்கோ.”

அப்படிச் சொன்னதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அவர் காலில் சேறு அப்பிய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“வேலிக்கு அங்காலை பாலர் பள்ளிக்கூடம், பிள்ளை. நாளைக்குத் திங்கள்.”

போனை எடுத்துப் பொலிசுக்கு அடித்தார். பெயர் கேட்டார்கள். இருபத்திரண்டு எழுத்துப் பெயரைப் பொய் சொல்லாமல் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி முடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது.

ஒரு மணி நேரத்தில் பொலிஸ் ஒலிபெருக்கியில் எல்லோரையும் ஊரின் மறுகரையில் உள்ள பெரிய பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்துக்குப் போகச் சொன்னது. பின்னேரம் வீட்டுக்குத் திரும்பலாமாம். ஜெர்மன்காரர் நாயோடும் ஆளுக்கொரு புத்தகத்தோடும் வந்தார்கள். எங்கள் ஆட்கள் கலியாண அல்பம், பிறப்புப் பத்திரங்கள், பிரஷர் குக்கர், மாதா சுரூபம் எல்லாம் கொண்டுவந்தார்கள். எதிர்வீட்டு அக்கா ஓர் அரிசிச் சாக்கை இழுத்துக்கொண்டு வந்தார்.

“அக்கா, நாலு மணித்தியாலம்தானாம். சாக்கு என்னத்துக்கு?”

“எங்களுக்கு ஊரிலை இடம்பெயரேக்கையும் அப்பிடித்தான் சொன்னவை” என்றார் அக்கா. யாரோ நகர்ந்து சாக்குக்கு இடம் விட்டார்கள்.

“எந்த விசரன் இதைப் போய்க் கிண்டினவன்?” என்று யாரோ கேட்டார்கள். அண்ணை என் பக்கத்தில் இருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும். நானும் வாய் திறக்கவில்லை.

குண்டைச் செயலிழக்கச் செய்தார்கள். அதிகாரி ஒருவர் வந்து அண்ணைக்குக் கைகொடுத்து நன்றி சொன்னார். பிறகு, மெஷினுக்கு அனுமதி இருக்கிறதா என்று அதே மரியாதையோடு கேட்டார். மறுகிழமை இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்றில் விசாரணை. மற்றதில், விசாரணை முடியும்வரை பத்திரம் கொடுப்பது தள்ளிவைப்பு.

விசாரணை ஓர் எச்சரிக்கையோடு முடிய ஐந்து மாதம் ஆனது. நாலாவது மாதம் மன்னாரில் தங்கச்சி இறந்துபோனார். அண்ணை அடக்கப் பூசையைப் போனில் பார்த்தார். இடையில் படம் நின்றுவிட்டது. வருமென்று போனை நெடுநேரம் பிடித்துக்கொண்டே இருந்தார்.

“அண்ணை, அண்டைக்கு நான் சொன்னதைக் கேட்டிருக்கலாம்” என்றேன்.

“அந்தப் பாலர் பள்ளிச் சின்னனுகள் இப்பவும் வேலிக்குள்ளை நிண்டு கத்துதுகள், பிள்ளை. காது வெடிக்குது” என்றார்.

பத்திரம் கொடுக்கப் புதிய நாள் குறித்துக் கடிதம் வந்தது. குடும்பத்தினரை அழைத்து வரலாம் என்று அதில் எழுதியிருந்தது. அண்ணை தனியாகப் போக வெளிக்கிட்டார். நான் லீவு போட்டுவிட்டு, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு கூடவே போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் என்னைப் பார்த்து, நீங்கள் இவருக்கு என்ன உறவு என்று கேட்டார். மண்டபம் நிறைய ஆட்கள்.

“ஷ்வெஸ்டர்” என்று முணுமுணுத்தேன். தங்கச்சி.

அந்தப் பெண் காதைக் கிட்டக் கொண்டுவந்தார்.

அண்ணை என் முழங்கையை மெதுவாகத் தட்டினார். “சத்தமாச் சொல்லு பிள்ளை. அவைக்குக் கேக்கேல்லை.”

சத்தமாகச் சொன்னேன்.