படிக்கட்டு ஓரத்துத் தொழுகை

லிஃப்ட் மட்டும் பழுதாகாமல் இருந்திருந்தால் ரமணன் அந்தப் படிக்கட்டுப் பக்கமே போயிருக்க மாட்டார். போனார், பார்த்தார், பாதியில் நின்றுவிட்டார்.

கீழே, பழைய சாமான் அறையின் மூடிய கதவுக்கு முன்னால் அப்துல் கஃபார் கை கட்டி, தலை குனிந்து நின்றிருந்தார். வாய் ஏதோ முணுமுணுத்தது. காலடிச் சத்தம் கேட்டதும் திடுக்கிட்டு இரண்டு முறை பலமாக இருமினார்.

"என்ன பாய், இங்க நிக்கிறீங்க?"

"சும்மாதான் சார். காத்தாட நிக்கலாம்னு."

அங்கே ஜன்னலே கிடையாது. இரண்டு வாளி, ஒரு துடைப்பான், அவற்றுக்கு நடுவே கஃபார். ரமணனுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. மனிதர் தொழுகிறார்! குனிந்து எழ இடமில்லாமல் நின்றபடியே தொழுகிறார்! ரமணனுக்கு எதுவும் இப்படிப் பளிச்சென்றுதான் விளங்கும். அதுதான் அவரிடம் உள்ள கோளாறு.

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் வட்டாரத்தில் மசாலாத்தூள் பொட்டலம் போடும் அந்த நிறுவனத்துக்கு ரமணன் மேலாளர், கஃபார் கிடங்குப் பொறுப்பாளர். ரமணன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் லிட்டில் இந்தியாக் கடைகளுக்கு மஞ்சள்தூள் உறையில் தவறுதலாகக் கடலைமாவை அடைத்து அனுப்பப் பார்த்தார். முதலாளி காதுக்குப் போகாமல் லாரியைத் திருப்பி அவர் வேலையைக் காப்பாற்றியவர் கஃபார். அந்தக் கட்டடத்தில் ரமணனுக்கு நண்பர் என்று சொல்லிக்கொள்ள ஒருவர் உண்டென்றால் அவர்தான்.

அதனால்தான் அன்று மனசு உறுத்தியது. போன வருடம், வேலை மேசைகளில் யாரும் சாமி படமோ மதச் சின்னமோ வைக்கக் கூடாது என்று சர்க்குலர் போட்டவர் ரமணனேதான். எல்லாருக்கும் ஒரே நியாயம் என்று தன் மேசைப் பிள்ளையாரைத்தான் முதலில் வீட்டுக்குக் கொண்டுபோனார். அந்த நியாயத்தில் அவருக்குப் பெருமையும் உண்டு. இப்போது பாருங்கள், ஒரு நல்ல மனிதர் துடைப்பானுக்குப் பக்கத்தில் ஒளிந்து தொழும்படி ஆகிவிட்டது.

இரவுச் சாப்பாட்டின்போது சட்டம் படிக்கும் மகள் அனுப்ரியாவிடம் சொன்னார். அவள் சிங்கப்பூர் அரசியலமைப்பின் பதினைந்தாவது பிரிவை எடுத்துச் சொன்னாள். தன் மதத்தைப் பின்பற்றவும் வழிபடவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. சொல்லிவிட்டு, "அந்த சர்க்குலர எடுத்துடுங்கப்பா. சிம்பிள் லா," என்றாள்.

சிம்பிளான எதுவும் ரமணனுக்குப் பிடிக்காது. சர்க்குலரை எடுத்தால் ஆளாளுக்குப் படத்தோடு வருவார்கள். பாய்க்கு மட்டும் தனியாக ஒரு வழி செய்துவிடுவது என்று முடிவு செய்தார்.

மறுநாளே படிக்கட்டு ஓரத்தில் பச்சைக் கம்பளம் விரித்தார். அன்று மத்தியானமே கட்டடத்தின் தீயணைப்புப் பொறுப்பாளர் வந்து, அவசர வழியில் கம்பளம் விரித்தால் அபராதம் என்று சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சரி, பக்கத்துச் சாமான் அறையையே ஒழித்துக் கொடுத்தால் என்ன? ரமணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார். உடைந்த மின்விசிறி, ஓட்டை டப்பாக்கள், பழைய நாட்காட்டிகள், ஒரு முருகன் படம். மற்றதெல்லாம் குப்பைக்குப் போயிற்று. முருகனைக் குப்பையில் போட மனம் வருமா? நல்ல காரியம் செய்யப் புறப்பட்டவனுக்கு ஆண்டவன் தானாக வந்து காட்சி கொடுத்திருக்கிறான் என்று மெய்சிலிர்த்து, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூஜை அலமாரியில் வைத்துத் தினமும் பூப்போட ஆரம்பித்தார்.

அறைக்கு வெள்ளையடித்து, பச்சைக் கம்பளத்தை அங்கே விரித்தார். தொழும் திசை காட்ட அம்புக்குறி ஒட்டினார். கைப்பேசித் திசைகாட்டியை இரும்பு அலமாரிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததன் பலன், திறப்பு நாளன்று தெரிந்தது.

"சார், ரொம்ப நன்றி. ஆனா இது மக்கா பக்கம் இல்ல, செந்தோசா பீச் பக்கம் காட்டுது," என்றார் கஃபார் மெதுவாக.

அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை. கூச்சப்படுகிறார் என்று ரமணன் நினைத்துக்கொண்டார். பொட்டலப் பிரிவின் சந்திரமதி வாசல்வரை வந்து வெள்ளைச் சுவரை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ கேட்க வந்தவர் போலிருந்தது. கேட்காமலே போய்விட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் ஏறுமாறாகத்தான் நடந்தது. தலைமை அலுவலகம், இந்த அறையை யார் கேட்டது என்று விசாரித்தது. ரமணன் பெருமையோடு கஃபாரின் பெயரை எழுதினார். அறை என்றால் எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று பதில் வந்தது. பொது என்று பலகை மாட்டியதுதான் தாமதம், லாரி ஓட்டும் வேலாயுதம் சாப்பாட்டுக்குப் பின் கம்பளத்தில் காலை நீட்டிக் குறட்டை விட ஆரம்பித்தார். எழுப்பினால், இது தியானம் என்றார். தியானத்துக்கும் பிரிவு பதினைந்தில் இடமுண்டா என்று ரமணன் மகளைக் கேட்க, அவள் போனை வைத்துவிட்டாள்.

தியானம் செய்பவர்கள் பெருகினார்கள். பொட்டலங்கள் தேங்கின. தலைமை அலுவலகம் அறையைப் பூட்டச் சொன்னதோடு நிற்காமல், சாப்பாட்டு நேரத்திலும் கால் மணி குறைத்தது. உடனே கிடங்கில் முணுமுணுப்பு எழுந்தது. பாய் தனக்கென்று ரூம் கேட்டார், அதனால் எல்லாருக்கும் சாப்பாட்டு நேரம் போயிற்று என்று பேசினார்கள். அவரோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

கஃபார் யாருக்கும் மறுத்துச் சொல்லவில்லை. ஒரு மாதம் பார்த்தார். பிறகு ராஜினாமாக் கடிதத்தோடு வந்து நின்றார். செம்பவாங்கில் மருமகன் ஜாஃபரின் கடையில் உதவிக்கு ஆள் வேண்டுமாம்.

ரமணன் கடிதத்தைத் தள்ளி வைத்தார். "பாய், உங்களுக்கு நல்லது செய்யணும்னுதானே இவ்வளவும் செஞ்சேன். போகாதீங்க."

"தெரியும் சார். உங்க மேல கோவமில்ல."

"அப்போ உண்மையைச் சொல்லுங்க. நான் என்ன தப்பு பண்ணேன்?"

கஃபார் கண்ணாடிக்கு வெளியே பொட்டலப் பிரிவை ஒருமுறை பார்த்தார்.

"ஒண்ணு மட்டும் கேக்குறேன் சார். அந்த சர்க்குலர எடுத்துடுங்க."

போகிற நேரத்திலும் தனக்கென்று எதுவும் கேட்காத மனிதர்! ரமணன் கண் கலங்கினார். கஃபார் பைக்கில் ஏறிப் போனபோது வழியனுப்ப அவரைத் தவிர வாசலில் நின்றது சந்திரமதி மட்டும்தான். நண்பனைக் காப்பாற்றப் போய்த் தானே துரத்திவிட்டோமே என்ற வருத்தம் அவரை அன்று சாப்பிட விடவில்லை. மறுநாள் காலை முதல் வேலையாகச் சர்க்குலரைத் தன் கையாலேயே கிழித்தெடுத்தார்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் சந்திரமதி தயங்கித் தயங்கி அறைக்குள் வந்தார்.

"சார், சாமான் ரூம்ல ஒரு முருகன் படம் இருந்துச்சு. பையனுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தப்ப டேங்க் ரோடு முருகன் கோயில்ல வாங்கினது. இப்போ மேசையில வச்சுக்கலாமா?"

ரமணன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அது உங்க படமா? அங்க எதுக்கு வச்சிருந்தீங்க?"

"மேசையில வைக்கக் கூடாதுன்னுட்டீங்க. அதான் சாப்பாட்டு நேரத்துல அங்க போய்க் கதவச் சாத்திட்டு அஞ்சு நிமிஷம் கும்பிட்டுட்டு வருவேன்."

"ஆனா அந்த நேரத்துல வெளிய பாய் தொழுதுட்டு இருப்பாரே?"

சந்திரமதி புரியாமல் அவரைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"தொழுறதுக்கு அவரு பள்ளிவாசலுக்குத்தான் போவாரு சார். அங்க நின்னது, நான் கும்பிட்டு முடிக்கிற வரைக்கும் நீங்க வந்துடாம பாத்துக்க."