கண்ணேறு கண்டுபிடிக்கும் மீன்

இந்த வசந்தத்தில், ஈரானில் எங்கள் ஷிராஸ் நகரத்து மீன்களுக்குப் பேச வந்துவிட்டது. முன்பும் அவற்றுக்கு வாய் இருந்தது, தின்பதற்கு மட்டும். இப்போது அதே வாயால் குடும்ப ரகசியங்களைச் சொல்கின்றன என்று ஊரே நம்பியது.

புத்தாண்டு மேஜையில் அலங்காரத்துக்கு வைத்த பொன்மீன், விருந்தெல்லாம் முடிந்த பிறகும் உயிரோடு இருந்தால் நாங்கள் அதை அதிர்ஷ்டம் என்போம். பிறகு மறந்துவிடுவோம். இந்த வருஷம் மறக்க முடியவில்லை, மீன் பாஷை தெரிந்தவர் என்று உஸ்தாத் பர்தோ ஊருக்கு வந்துவிட்டார். அவர் வாசலில் விடிந்தது முதல் வரிசை. ஒவ்வொருவர் மடியிலும் ஒரு கண்ணாடிக் கிண்ணம். பஸ்ஸில் மீன், டாக்ஸியில் மீன், மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் ஒரு அம்மாளின் மடியில் பாதித் தண்ணீரும் முழு மீனும். பல்வலிக்கு டாக்டரிடம் போவதை மாதக்கணக்கில் தள்ளிப்போடும் ஜனங்கள் இதை மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடவில்லை.

உஸ்தாதின் தத்துவம் எளிது. வளர்ப்பு மீன் யாரைக் கண்டதும் கண்ணாடியில் முட்டி, வாலை ஆட்டி, வாயைத் திறந்து திறந்து மூடுகிறதோ, அவரிடம்தான் கண்ணேறு. பாசத்தில் துள்ளுகிறது என்று நினைப்பவன் முட்டாள், அது அலறுகிறது. அந்த அலறல் உஸ்தாதுக்கு மட்டும் கேட்கும். காணிக்கை வைத்தால் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

வசதியான வீடுகளுக்கு அவரே ஊதாச் சால்வை போர்த்திக்கொண்டு வருவார். தேநீர் குடிப்பார். "என்ன அழகு, மாஷா அல்லா. இதுக்கு யாரு சாப்பாடு போடறது?" என்று அன்பாக விசாரிப்பார். மீனின் வயிற்றைப் பற்றிக்கூடக் கவலைப்படுகிறாரே என்று நாங்கள் உருகினோம். பிறகு கண்ணை மூடி, வீட்டுக்காரர் காதில் ஒரு பெயரைச் சொல்வார். அதன் பிறகுதான் வீட்டார் ஒவ்வொருவராகக் கிண்ணத்தின் முன்னால் நிற்க வேண்டும். சொல்லிவைத்தாற்போல் அதே ஆளிடம் மீன் பாயும். ரொட்டிக்கடை மன்சூர் தன் சொந்தத் தங்கையை இப்படித்தான் தூரத்து ஊரான யஸ்துக்கு பஸ் ஏற்றிவிட்டான்.

நான் கொத்ரத், பஸ் ஓட்டி ஓய்ந்தவன். மேல்மாடியில் தனிக்கட்டை. கீழ்வீட்டு தூரான் அம்மாவுக்கு இந்த வருஷம் சோதனை மேல் சோதனை. தேநீர் கொதிக்கவைக்கும் சமோவார் ஒழுகியது. முழங்கால் வலித்தது. மகன் பீஜனின் துணிக்கடையில் வியாபாரம் படுத்தது. எதிரில் மூன்று மாடிக் கடை திறந்திருந்தார்கள், ஆனால் அதையெல்லாம் ஒரு காரணமாகச் சொல்ல முடியுமா? உஸ்தாத் அழைக்கப்பட்டார்.

வந்தார், குடித்தார், விசாரித்தார். பாதாம் என்ற அந்த வீட்டு மீன், மருமகள் சொஹேலா முன்னால் வந்ததும் தண்ணீரே தெறிக்கத் துள்ளியது.

"நான் அப்பவே நினைச்சேன்" என்றாள் தூரான் அம்மா. என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

"அத்தை, நான்தானே அதுக்குத் தீனி போடறேன். பசிக்குது, கெஞ்சுது. புஷேர்ல எங்கப்பா வீட்டுல தொட்டி நிறைய மீனு. எல்லாமே இப்படித்தான் குதிக்கும்."

"பாத்தீங்களா, எதிர்த்துப் பேசுது" என்றார் உஸ்தாத் வருத்தத்தோடு. "தோஷம் முத்திப்போச்சும்மா. மீன் வேற வீட்டுல இருக்கட்டும். அடுத்த பௌர்ணமிக்கு வரேன். அப்பவும் இவகிட்டயே ஓடினா, இந்தப் பொண்ணு இந்தக் கூரைக்குக் கீழ இருக்கக் கூடாது."

தூரான் அம்மா கையிலிருந்த தங்க வளையலைக் கழற்றி நீட்டினாள். "ஐயையோ, எதுக்குங்க இதெல்லாம்" என்றார். மறுபடி நீட்டினாள். "உங்க அன்பே போதும்" என்றார். மூன்றாம் முறை வளையல் எப்படி மறைந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் செய்ததில் அது ஒன்றுதான் நிஜமான அற்புதம்.

பீஜன் தரைவிரிப்பின் பூக்களை எண்ணிக்கொண்டிருந்தான். சொஹேலா அவனையே பார்த்தாள். அவன் நிமிரவில்லை. எனக்கு அவன் காதைப் பிடித்துத் திருக வேண்டும்போல் இருந்தது.

பாதாம் என் வீட்டுக்கு வந்தது. மறுநாள் கையில் ஒரு பையோடு சொஹேலாவும் வந்தாள். அழுது முடித்திருந்தாள், இப்போது கண்ணில் குறும்பு.

"கொத்ரத் மாமா, ஒரு உதவி. தீனி போடும்போது மட்டும் இதப் போத்திக்கணும்." உள்ளே ஒரு ஊதாச் சால்வை. "இது இல்லாம கிண்ணத்துப் பக்கம் போனீங்கன்னா ஒண்ணும் போடாதீங்க. கெஞ்சும், கண்ணாடியில முட்டும், கண்டுக்காதீங்க. பேசாதீங்க, தட்டாதீங்க. கொஞ்ச நாள்ல அந்தப் பழக்கத்த விட்டுடும்."

"நான் ஊதாச் சால்வை போத்தணுமா? எதிர்வீட்டுக்காரன் என்ன நினைப்பான்?"

"உங்களுக்கு மூளை கலங்கிடுச்சுன்னு நினைப்பான். எனக்காகக் கலங்கட்டுமே."

கலங்கியது. தினமும் காலையில் கல்யாணப் பெண்போல் போர்த்திக்கொண்டு ஒரு சிட்டிகை தீனி போட்டேன். கஷ்டம் அதில்லை, மற்ற நேரம்தான். சால்வை இல்லாமல் நான் அந்தப் பக்கம் போனால் பாதாம் விழுந்து புரண்டு கெஞ்சும். பதினைந்து டன் பஸ்ஸை மலைப்பாதையில் இறக்கியவன், விரல் நீள மீனிடம் தோற்றுவிடுவேனோ என்று பயந்து முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மெல்ல மெல்ல அது என்னை வெறும் நாற்காலி அளவுக்கு மதிக்கத் தொடங்கியது. சால்வையைக் கண்டால் மட்டும் திருவிழா.

பௌர்ணமியும் வந்தது. கீழ்வீட்டில் நிற்க இடமில்லை, பாதித் தெரு அங்கேதான். ஒரு மூலையில் சொஹேலாவின் பெட்டி தயாராக இருந்தது. மாமியாரே கட்டிக் கொடுத்திருந்தாள். சாம்பிராணிக்குப் பதில் நாங்கள் போடும் இஸ்பந்து விதை கரியில் வெடித்துப் புகைந்தது. உஸ்தாத் கமகமவென்று நுழைந்தார்.

"மீனுக்கு யாரு தீனி போட்டது?"

"மாடிவீட்டு கொத்ரத்" என்றாள் தூரான் அம்மா. உஸ்தாத் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கண்ணை மூடினார். தூரான் அம்மாவின் காதில் சொன்ன பெயர் என்னுடையது என்பது, அந்த அம்மாள் என்னைவிட்டு நகர்ந்த வேகத்திலேயே தெரிந்தது.

நான் கிண்ணத்தின் முன் நின்றேன். பாதாம் ஒரு பாசியைக் கடித்துக்கொண்டிருந்தது. சொஹேலா நின்றாள், பிறகு வீட்டார் எல்லோரும் நின்றார்கள். பாதாம் யாரையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உஸ்தாதின் நெற்றி வேர்த்தது. "ஆஹா, தோஷம் கழிஞ்சது" என்று கையைத் தூக்கினார்.

"பெரிய மனசு உங்களுக்கு" என்றாள் சொஹேலா. "நாங்க எல்லாரும் நின்னுட்டோம். விருந்தாளி நிக்காம இருந்தா எங்களுக்குத்தான் அவமானம். நீங்களும் ஒரு தடவை."

"எனக்கெதுக்கும்மா."

"நீங்க நிக்காம நாங்க சாப்பிட உக்கார மாட்டோம்."

எங்கள் ஊரில் இரண்டு பேர் ஒரு கதவைத் தாண்ட வேண்டுமென்றால், "நீங்க முதல்ல, நீங்க முதல்ல" என்று அரை மணி நேரம் போகும். கூட்டத்துக்கு இது போதாதா? "உயிரைக் கொடுத்துக் கேக்கறோம் உஸ்தாத்", "எங்க தலைமேல காலை வச்சுப் போங்க உஸ்தாத்" என்று உபசரித்து உபசரித்தே அவரைக் கிண்ணத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

ஊதாச் சால்வையைக் கண்டது பாதாம். முட்டியது, சுழன்றது, வாலால் தண்ணீரை அள்ளி உஸ்தாதின் தாடியில் தெளித்தது. அப்படியொரு அலறலை அந்த வீடு கேட்டதில்லை.

மன்சூர்தான் முதலில் பேசினான். "அப்ப கண்ணேறு உங்ககிட்டயா?"

"இது... ஊதா நிறம் கெட்ட அலைகளை இழுக்கும்."

"அப்புறம் எதுக்கு அதையே போத்திக்கிட்டு ஊரெல்லாம் சுத்தறீங்க?"

சொஹேலா நான் பையில் மறைத்துக் கொண்டுவந்திருந்த சால்வையை வாங்கி மாமியார் தோளில் போட்டாள். மீன் மாமியாரிடம் ஓடியது. பீஜன்மேல் போட்டாள், பீஜனிடம் ஓடியது. கடைசியில் சமோவாருக்குப் போர்த்திக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தாள். சமோவாரிடமும் ஓடியது.

"அத்தை, பெட்டி தயாரா இருக்கு. சமோவாரை புஷேருக்கு அனுப்பிடலாமா?"

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு அந்த வீடே குலுங்கியது. தூரான் அம்மாகூடச் சால்வை நுனியில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சொஹேலா சிரிக்கவில்லை. "எல்லா வீட்டுலயும் இவர் கேட்டது ஒரே கேள்வி, யாரு தீனி போடறதுன்னு. பதில நாமளே சொன்னோம். அதையே நம்ம காதுல திருப்பிச் சொன்னார். மன்சூர் அண்ணே, உங்க வீட்டு மீனுக்குத் தீனி போட்டது யாரு?"

மன்சூரின் சிரிப்பு நின்றது. "தங்கச்சிதான்" என்று முனகினான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, யஸ்துக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டான்.

உஸ்தாத் வாசலுக்கு நகர்ந்திருந்தார். தூரான் அம்மா வழிமறித்து உள்ளங்கையை நீட்டினாள். இம்முறை உபசாரம் எதுவும் இல்லை, வளையல் வந்தது. பீஜன் ஒருவழியாகத் தரைவிரிப்பிலிருந்து கண்ணை எடுத்து, மனைவியின் பெட்டியைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தான். "நான் இருக்கறேனா இல்லையான்னு இனிமே நான் யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் சொஹேலா அவனிடம். நன்றாக வேண்டும் அவனுக்கு.

சால்வையைப் பார்த்து பாதாமும் ஏமாந்தது, நாங்களும் ஏமாந்தோம். கடுகளவு மூளையுள்ள அதற்காவது இரை கிடைத்தது. இவ்வளவு பெரிய மூளையை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷமும் யோசிக்காத நாங்கள்தான் இரையானோம்.